கரடியை யார் பார்த்தது?

நான் செய்தி வாசிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. சேனலே இப்போது இல்லை. ஆனாலும் மாதத்துக்கு நாலு பேராவது போன் பண்ணி, "ஏனுங்க சண்முகம், நாளைக்குக் கரண்ட் கட்டுங்ளா?" என்று கேட்கிறார்கள். எனக்கும் மின்வாரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்கதானுங்களே சொல்லுவீங்க" என்கிறார்கள். இப்போதெல்லாம் நானே நாலு இடத்தில் விசாரித்துச் சொல்லிவிடுகிறேன். பழக்கதோஷம்.

போன மாதம் வந்த போன் வேறு மாதிரி. கௌசல்யா என்ற பெண், கோத்தகிரியிலிருந்து. கையில் இருக்கும் செல்போனை மட்டும் வைத்துக்கொண்டு செய்திச் சேனல் நடத்துகிறார். பேக்கரி வாசலில் கரடி நிற்கிற வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டாராம். அரைமணி நேரத்துக்குள் ஊரே பார்த்துக் கதவைச் சாத்திவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது வேறு மாநிலத்துக் கரடி. "உங்க காலத்துல கரடி நியூஸ எப்படிங்க சார் சரிபார்ப்பீங்க?" என்று கேட்டார். நாங்கள் ரொம்ப ஒழுங்கு என்ற நம்பிக்கை அவருக்கு. பாவம்! நான் போட்ட கரடிச் செய்தியை அவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பாதிக்கு மேல் சிரிக்கவில்லை. "இத எழுதி வைங்க சார்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

கீழ்நாட்டிலிருந்து பாத்திர வியாபாரத்துக்கு மலை ஏறிய குடும்பம் எங்களுடையது. எனக்கு வியாபாரம் வரவில்லை. டீ பேக்டரியில் கொஞ்ச நாள் கிளார்க் வேலை பார்த்தேன், அதுவும் வரவில்லை. சத்தமாகப் படிக்க மட்டும் வந்தது. கோயில் திருவிழாவில் மைக்கில் நான் நன்கொடையாளர் பெயர்களை வாசித்ததைக் கேட்டுவிட்டு, "நீ நம்ம சேனலுக்கு வந்துரு" என்று கூப்பிட்டவர்தான் எங்கள் முதலாளி ஆறுமுகம். அரவேணுப் பக்கம் ஊர் ஊராகக் கம்பத்தில் ஏறி, தன் கையாலேயே கேபிள் இழுத்தவர். உரக்கடைக்கு மாடியில் ஒரு அறை. பின்னால் நீலப் போர்வை. முன்னால் ஒரு கேமரா. கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தி. அதையே இரவு ஒன்பதரைக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கும் திரும்பப் போடுவோம். முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்த நீலப் போர்வைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

செய்திக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துக்கம். யார் காலமானார், எடுப்பது எத்தனை மணிக்கு. பிறகு கரண்ட், தண்ணீர். பிறகு பச்சைத் தேயிலை விலை. பிறகு காட்டெருமை, சிறுத்தை, கரடி. கடைசியாகத்தான் அரசியல். ஒரு கட்சிக்கு நாற்பது விநாடி என்றால் அடுத்த கட்சிக்கும் நாற்பது விநாடி. முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

அவர் பத்தாவது தாண்டாதவர். சர்க்கரை போடாத கடுங்காப்பியும் ஒரு சிவப்புப் பேனாவும்தான் அவருடைய ஆயுதங்கள். நான் எழுதிக் கொடுக்கும் தாளில் இடது பக்கம் மூன்று விரல் மார்ஜின் விட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நேராக, அந்த விஷயத்தைப் பார்த்த ஆளின் பெயரை அதில் எழுத வேண்டும். கேட்ட ஆள் இல்லை, பார்த்த ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஊரில் பெரும் பரபரப்பு" என்று எழுதிவிட்டேன்.

"ஏப்பா, இத யாரு பார்த்தது?"

"எதைங்கண்ணா?"

"பரபரப்ப. எந்தக் கலர்ல இருந்துச்சு?"

அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதியதே இல்லை.

இந்த மார்ஜினால் நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் மாடிக்கே ஏறி வந்து சண்டை போட்டார்கள். ஓடைக்குப் பாலம் கொண்டுவந்தது தாங்கள்தான் என்று இருவரும் சொன்னார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "பாலத்தப் பார்த்துட்டு வந்துரு" என்றார். போனேன். பாலமே இல்லை. நட்ட ஒரு கல் மட்டும் இருந்தது, அதில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். "பாலம் இன்னும் கட்டப்படவில்லை" என்று அன்றைக்கு ஒரே வரி வாசித்தேன். இரண்டு கட்சியும் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை.

இவ்வளவு கறாரான மனிதரிடம் வேலை பார்த்தவன்தான் நான். அப்படியும் அந்தக் கரடியிடம் கோட்டை விட்டேன்.

எங்கள் ஊர் அரவேணுவிலிருந்து இறங்கினால் வரும் சின்ன ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். எங்கள் ஆட்கள் பழசை லேசில் விடமாட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். தேர்தல் கட்சியைச் சொல்லவில்லை. இருப்பதை மாற்றாதே என்கிற கட்சி. பசுமை வாழ்க்கை என்று ஊரில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். டீக்கடை நாகராஜ் எழுந்து, "பச்சைக்கு நடுவுல பொறந்து வளந்தவனுக்கு எதுக்குங்க பசுமை வகுப்பு?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஆனால் அதே நாகராஜ் சந்தைக்குக் கொண்டுபோகும் துணிப்பை பதினைந்து வருடத்துப் பை. பூமிக்காக அல்ல. "பை நல்லாத்தானே இருக்குது, எதுக்கு மாத்தோணும்?" என்பார். மாற்றம் பிடிக்காத காரணத்தாலேயே எங்கள் ஊர் பாதிப் பசுமையாக இருந்தது. அதை யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும் கோபம் வரும். இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இப்படிப்பட்ட ஊரில்தான் செல்வராணி உரக்குழி போட்டார். அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். செல்வராணி பிறந்தது இங்கேதான். நாற்பது வயதைத் தாண்டியும் ஊருக்கு அவர் "சிலோன்காரங்க புள்ள"தான். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். முழங்கால் போனதும், கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஊராட்சியில் அனுமதி வாங்கி, ரோட்டோரம் சும்மா கிடந்த நிலத்தில் குழி வெட்டினார். வீட்டுக்கு வீடு தள்ளுவண்டியில் போய்க் காய்கறித் தோலும் மிச்ச சோறும் வாங்கிவந்து உரமாக்கி, கேரட் போடுகிறவர்களுக்கு விற்றார். மூன்று வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

ஊர் அதை ரசிக்கவில்லை. பக்கெட்டைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள். "நம்ம பெரியவங்க சாணி போட்டு வெள்ளாமை பண்ணுனாங்க. அழுகுன குப்பையப் பொத்திப் பொத்தி வளத்துனாங்களா?" என்று டீக்கடையில் பேச்சு. நான் மறுத்துப் பேசியதில்லை. எங்கள் வீட்டுப் பக்கெட்டும் கேட்டுக்கு வெளியில்தான் இருந்தது.

அந்த வருடம் கரடி நடமாட்டம் அதிகம். எங்கள் பக்கம் கரடி புதிதல்ல. தேயிலைக்குள் படுத்திருக்கும், புற்றைத் தோண்டும், போகும். ஆனால் இது தினமும் ஊருக்குள்ளேயே வந்தது. ஒரு வியாழக்கிழமை விடிகாலை, வீடு வீடாகப் பால் ஊற்றும் மணி என்பவரை அது அடித்துவிட்டது. கோயிலுக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில், செல்வராணியின் குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது. தோளில் ஆழமான கீறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள்.

பத்து மணிக்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குப்பை வாசத்துக்குத்தான் கரடி வருகிறது. குழியை மூட வேண்டும். மத்தியானம் எங்கள் மாடிக்கு ஒரு கடிதம் வந்தது. கோயில் கமிட்டி முத்திரை, வியாபாரிகள் முத்திரை, இருபது கையெழுத்து. நானே அந்தக் கமிட்டியில் ஒரு உறுப்பினர். திங்கட்கிழமை ஊராட்சியில் கூட்டம் போட்டுக் குழியின் அனுமதியை ரத்து செய்யப்போவதாகவும் எழுதியிருந்தது.

முதலாளி அப்போது ஊரில் இல்லை. கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். தாளை எடுத்தேன், மார்ஜின் விட்டேன், எழுதினேன். "உரக்குழியால் கரடி நடமாட்டம், பால் வியாபாரி படுகாயம்." மார்ஜினில் யார் பெயரை எழுதுவது? இருபது கையெழுத்து இருக்கிறதே, அப்புறம் என்ன. "பொதுமக்கள்" என்று எழுதினேன். ஏழு மணிக்கு வாசித்தேன். குழியையும் படம் பிடித்துக் காட்டினோம். ஒன்பதரைக்கு ஒருமுறை, காலையில் ஒருமுறை.

வெள்ளிக்கிழமை செல்வராணி தள்ளுவண்டியோடு வந்தபோது எங்கள் தெருவில் ஒரு பக்கெட்டும் வெளியே இல்லை. என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "காலி வண்டியோட போகுதுங்க அது" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

சனிக்கிழமை முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு மாடி ஏறி வந்தார். அந்த வாரத்துத் தாள்களையெல்லாம் கேட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். வியாழக்கிழமைத் தாள் வந்ததும் நிறுத்தினார்.

"இத யாரு பார்த்தது?"

"பொதுமக்கள்ங்கண்ணா. கையெழுத்துப் போட்டுருக்காங்க."

"பொதுமக்களுக்கு எத்தன கண்ணு?"

கமிட்டிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்கு இப்ப ஒரே கண்ணு. அதுல பார்த்தாலும் இதுல ஒரு பேரும் தெரியல. கரடி அந்தக் குழிக்குள்ள எறங்குனத ஒருத்தன், ஒரே ஒருத்தன் பார்த்தானா?"

"எல்லாருக்கும் தெரியுமுங்ண்ணா."

"தெரியறது வேற, பாக்கறது வேற. நீ போ. பாக்காம மாடி ஏறாத."

இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. கோபம்தான் முதலில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் குழிக்குப் போனேன். செல்வராணி மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"வாங்க சார். இன்னொருக்காப் படம் புடிக்கவா?"

"இல்லம்மா. பாக்க வந்தேன்."

"வியாழக்கிழமை வந்து பாத்திருக்கலாமே."

குழியைக் காட்டச் சொன்னேன். மேலே தகரம். தகரத்தின் மேல் ரெண்டு ஆள் தூக்கும் கல். அதைச் சுற்றி முள்வேலி. உள்ளே ஒவ்வொரு அடுக்குக்கும் சாம்பல், சருகு, மண். குனிந்து முகர்ந்தேன். மழை பெய்த தேயிலைக் காட்டில் வருமே, அந்த வாசம்தான் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த அம்மா குழிக்கு மூடி போட்டிருந்தார், என் வாய்க்குத்தான் மூடி இல்லாமல் போயிற்று. தகரத்தில் ஒரு நகக்கீறல் இல்லை. வேலிக் கம்பியில் ஒரு முடி இல்லை.

"கரடி இந்தப் பக்கம் வர்றதே இல்லியா?"

"வரும். ரோட்டுல போகும். இங்க நிக்காது."

"எங்க போகும்?"

செல்வராணி மேலே பார்த்தார். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது சார். நீங்க நியூஸ்காரரு, நீங்களே கண்டுபிடிங்க."

மேலே என்றால் கோயில். எனக்குப் புரிந்தும் புரியவில்லை. அங்கிருந்து மணியின் வீட்டுக்குப் போனேன். தோளில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் ஆரஞ்சுப் பழம் குவிந்து கிடந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"மணி, அந்தக் கரடி எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? குழிப் பக்கமிருந்தா?"

"இல்லீங்க. கோயில் படியிலிருந்து எறங்குச்சுங்க."

"நல்லாப் பாத்தியா?"

"ஏனுங்க, மூஞ்சிக்கு நேரா வந்ததப் பாக்க மாட்டனுங்களா? அது மொகமெல்லாம் எண்ணெய் வழியுதுங்க. மினுமினுன்னு. எனக்கு மொதல்ல அதுதானுங்க தெரிஞ்சுது."

அவருடைய மனைவி உள்ளே போய் அந்தச் சட்டையைக் கொண்டுவந்தார். "ரெண்டு தடவ தொவச்சுட்டனுங்க. ரத்தக்கறை போயிருச்சு. எண்ணெய்க்கறை போக மாட்டேங்குது." முகர்ந்து பார்த்தேன். நல்லெண்ணெய்.

"ஏப்பா மணி, இத யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாருங்க கேட்டாங்க? நாலு நாளா வர்றவங்க எல்லாம் 'அந்தக் குப்பைக் கரடிதானே'ன்னு சொல்லிட்டு, பழத்த வெச்சுட்டுப் போறாங்க. நானும் செரின்னு இருந்துட்டனுங்க."

கரடியை மூஞ்சிக்கு நேராகப் பார்த்தது ஊரிலேயே ஒரே ஒரு ஆள். அந்த ஆளிடம் ஒருவரும் கேட்கவில்லை. செய்திக்காரனான நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

கோயிலில் பூசாரி மாதையன் பிராகாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்காரர், சூதுவாது தெரியாதவர். எண்ணெய் டின் எங்கே என்று கேட்டேன். பின்பக்கத்துத் திறந்த கொட்டகையைக் காட்டினார். டின் நசுங்கி உருண்டு கிடந்தது. மூடியில் பல் பட்ட அடையாளம். சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கோடு பாதத் தடங்கள்.

"மாதையா, கரடி இங்க வருதா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் பக்கம் நெருங்கி வந்தார். "தெனமும் வருதுங்க. ரெண்டு மாசமா. சன்னிதிக்கு முன்னால நின்னுட்டு, அணையா விளக்குல இருக்கற எண்ணெயக் குடிச்சுட்டு, பின்னால வந்து டின்னையும் பாத்துட்டுப் போகும். ஒரு நாள்கூடச் செலையத் தொட்டதில்லீங்க. ஆத்தா கூப்புட்டுத்தான் வருது. அத வெளியில சொல்லலாமுங்களா? அதுதான் நான் காலைல தடத்தக் கழுவிடுவனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுபோயிற்று. அந்த அணையா விளக்கு கோயிலுக்கு வந்தே ரெண்டு மாதம்தான் ஆகிறது. எங்கள் முதலாளி, காலமான தன் தாயார் நினைவாகக் கொடுத்தது. கரண்ட் செய்திக்கும் தேயிலை விலைக்கும் நடுவில் ரெண்டு மாதமாக நான் தினமும் வாசித்தேனே, "அணையா விளக்குக்கு எண்ணெய் வழங்க விரும்பும் பக்தர்கள் கோயிலில் நேரில் ஒப்படைக்கலாம்" என்று. ஊரே டின் டின்னாகக் கொண்டுவந்து கொட்டியது. கரடிக்கு இலை போட்டுப் பரிமாறியவனே நான்தான்.

மாடிக்குப் போகும் வழியெல்லாம் எப்படி எழுதுவது என்றே யோசனை. முதலாளி தாய் மேல் உயிராக இருந்தவர். தாயார் பெயரைச் சொன்னாலே குரல் தழுதழுக்கும். ஒரு வழியாக எழுதினேன். "உரக்குழிக்குக் கரடி வந்ததாக வியாழனன்று கூறிய செய்தி தவறு. பக்தர் ஒருவர் வழங்கிய விளக்கின் எண்ணெயைக் குடிக்கவே கரடி கோயிலுக்கு வந்துள்ளது." மார்ஜினில் மணி, மாதையன், என் பெயர். தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

கீழே யாரோ உரமூட்டையை இறக்கினார்கள். திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆபரேஷன் ஆன கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் தொடக்கூடாது என்று சொன்ன கண்.

"அண்ணா, வேணும்னா விளக்கப் பத்திச் சொல்லாம, எண்ணெய்னு மட்டும்..."

"சண்முகம், விளக்க நீ பார்த்தியா இல்லியா?"

"பார்த்தனுங்ண்ணா."

சிவப்புப் பேனாவை எடுத்தார். "பக்தர் ஒருவர்" என்பதை அடித்தார். மேலே எழுதினார்: "இந்தச் சேனலின் உரிமையாளர் ஆறுமுகம்." ஒற்றைக் கண்ணில் எழுதியதில் எழுத்து கோணலாக விழுந்தது. பிறகு, "மூணு தடவைல நிறுத்தாத. மூணு நாளைக்குப் போடு. துக்கச் செய்திக்கும் முன்னாடி" என்றார். அந்த வரிசையை அவர் மாற்றியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய், அணையா விளக்கைத் தன் கையாலேயே பூவால் ஒற்றிக் குளிர வைத்தார். இனிமேல் காலையில் ஏற்றிச் சாயங்காலம் குளிர வைப்பது, எண்ணெய் மாதையன் வீட்டுப் பூட்டுக்குள் இருப்பது என்று சொல்லிவிட்டு வந்தார். அவருடைய தங்கை அதற்குப் பிறகு ஒரு வருடம் அவரோடு பேசவில்லை. "அம்மாவக் கரடி வாயில போட்டுட்டான்" என்று தெருவில் நின்று அழுதார். மறுநாள் காலைக்குள் நாற்பது வீட்டுக்காரர்கள் கேபிளை அறுத்துக்கொண்டார்கள். கோயிலைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்பதுதான் அவர்கள் கோபம். பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இடம் கொள்ளாத கூட்டம். இரண்டு கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபட்ட நேரம். ஒருவர் எழுந்து, "கரடி கோயிலுக்கு வந்துச்சு, செரி. வர்ற வழியில குப்பை வாசம் புடிச்சுத்தானே வந்திருக்கும்?" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம், திரும்ப வாங்குவது இவ்வளவு கஷ்டமா?

அப்போது மணி எழுந்தார். தோளில் கட்டு. கையில் அந்தச் சட்டை. "இத ஆளுக்கு ஒருக்கா மோந்து பாருங்க. குப்பை நாத்தம் அடிச்சா குழிய மூடிக்கோங்க" என்று சட்டையை முன்வரிசையில் கொடுத்தார். சட்டை கைமாறிக் கைமாறி வந்தது. டீக்கடை நாகராஜ் முகர்ந்துவிட்டு, "செக்குல ஆட்டுன எண்ணெய்யாட்டம் இருக்குதுங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. குழிக்கு அனுமதி தொடரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அரைமணி நேரத்துக் கூட்டம்.

வெளியே செல்வராணி நின்றிருந்தார். அருகில் போய், "தப்பு என்னோடதுதான்மா. மன்னிச்சுக்கோ" என்றேன்.

"அந்தக் கரடி கோயிலுக்குப் போறது எனக்கு முன்னாடியே தெரியும் சார்" என்றார்.

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா, குப்பைக்காரி கோயிலக் குத்தம் சொல்றான்னு ஆயிரும். குழியும் போயிருக்கும், ஊட்டு மேல கல்லும் விழுந்திருக்கும். உங்க மொதலாளி சொன்னதால நாப்பது வயரோட போச்சு."

அதில் கோபமே இல்லை. விவரம் சொல்வது மாதிரிச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் ஊர் யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. மறுநாள் காலையில் எங்கள் தெருவில் பக்கெட்டுகள் வெளியே வந்திருந்தன, அவ்வளவுதான். கரடி பத்து நாள் வந்து பார்த்தது. விளக்கு இல்லை, டின் இல்லை. மாதையன் மட்டும் வருத்தத்தோடு, "ஆத்தாளுக்கு ஒரு பக்தன் கொறஞ்சான்" என்றார். பிறகு அது வரவில்லை. மறுப்பை நாங்கள் மூன்று நாளும் மும்மூன்று தடவை போட்டோம். தவறாகச் சொன்னதை மூன்று தடவை, சரியாகச் சொன்னதை ஒன்பது தடவை. ஈடாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கௌசல்யாவிடம் இதுவரைதான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அவர் போன் பண்ணுவதற்கு ஒரு வாரம் முன்னால் கோத்தகிரி போய்விட்டு மினிபஸ்ஸில் திரும்பினேன். எனக்கு முன் சீட்டில் செல்வராணி. மடியில் காலி பக்கெட். முழங்கால் இப்போது ரொம்ப மோசம். கோயில் வளைவு வந்ததும் கண்டக்டர், இருபது வயது தாண்டாத வெளியூர்ப் பையன், கம்பியைத் தட்டிக் குரல் கொடுத்தான்.

"கரடிக்குழி எல்லாம் எறங்கிக்கோங்க!"

அந்த நிறுத்தத்துக்கு அப்போது பெயரே கிடையாது. வளைவு என்போம். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு யாரோ ஒருவர் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார், பிறகு எல்லோரும். அந்தக் குழிக்குள் ஒரு நாளும் ஒரு கரடி இறங்கியதில்லை என்று அந்தப் பையனுக்கு யார் சொல்வது?

செல்வராணி கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இங்கதானே சார்?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். கையில் இருந்த டிக்கெட்டில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது.